ஓபனிங் என்பது என்ன? முதல் போட்டிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஓர் எளிய விளக்கம்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏதேனும் ஒரு பள்ளிக் கலையரங்கிலோ திருமண மண்டபத்திலோ நீள மேசைகளை வரிசையாகப் போட்டு, சிறுவர்களுக்கான செஸ் போட்டி நடப்பது இப்போது வழக்கமான காட்சியாகிவிட்டது. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் பதினெட்டாம் வயதில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றதும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து கூடப் பிள்ளைகளை அதிகாலைப் பேருந்தில் இங்கே அழைத்து வரச் செய்திருக்கின்றன. அப்படி வரும் பெற்றோர் பயிற்சியாளரிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சார், பையனுக்கு எந்த ஓபனிங் சொல்லிக் கொடுக்கலாம்?" என்பதுதான். அக்கறையால் எழும் கேள்வி அது. ஆனால் அதற்கு முன்னதாகவே கேட்டு விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓபனிங் எதற்காக இருக்கிறது என்பதே அக்கேள்வி. அது தெரியாத பிள்ளைக்கு எந்த ஓபனிங்கைக் கற்றுக்கொடுத்தாலும், எதிராளி பாடத்தில் இல்லாத ஒரு காயை நகர்த்திய கணத்தில் கற்றது முழுவதும் பயனற்றுப் போய்விடும்.

ஒரு செஸ் ஆட்டத்தைத் தொடக்கம், நடு ஆட்டம், இறுதி ஆட்டம் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பேசுவது மரபு. இத்தனையாவது நகர்த்தலோடு தொடக்கம் முடிகிறது என்று விதி எதுவும் கிடையாது. பின்வரிசையில் அடைபட்டிருக்கும் குதிரைகளும் மந்திரிகளும் வெளியே வந்து, ராஜா பாதுகாப்பான மூலைக்குச் சென்று, இரண்டு யானைகளுக்கும் இடையே வேறு காய் எதுவும் இல்லாமல் அவை ஒன்றையொன்று காக்கும் நிலை ஏற்பட்டுவிட்டால், தொடக்கம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்த நிலையை எதிராளிக்கு முன்னதாகவோ, குறைந்தபட்சம் அவரோடு சேர்ந்தோ அடைவதற்கான வழிகளுள், பல தலைமுறை ஆட்டக்காரர்கள் ஆடிப் பார்த்து நல்லவை என்று கண்டு பெயரிட்டு வைத்திருப்பவையே ஓபனிங்குகள்.

இவற்றை மனப்பாடம் செய்தே தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். முதல் நகர்த்தலில் வெள்ளைக்கு 20 வாய்ப்புகள் உள்ளன. சிப்பாய்களால் 16, குதிரைகளால் 4. கறுப்புக்கும் அதே 20 என்பதால், இருவரும் ஒரு முறை நகர்த்தி முடிக்கும்போதே ஆட்டம் 400 விதங்களில் அமையலாம். இருவரும் இரண்டு முறை நகர்த்தி முடிக்கும்போது அந்த எண்ணிக்கை 1,97,281 ஆகிறது. இவற்றில் பெரும்பாலானவை யாரும் ஆடாதவை என்பது உண்மைதான். ஆனால் முதல் முறை போட்டிக்கு வரும் எட்டு வயதுக் குழந்தை எதிரே அமரும்போது, யாரும் ஆடாதவைதான் பலகையில் தோன்றும்.

இனி வரும் பகுதிக்குக் கட்டங்களின் பெயர்கள் தேவைப்படும். வெள்ளைக் காய்களின் பக்கம் அமர்ந்து பார்த்தால், நெடுவரிசைகளுக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, ஹெச் என்றும், குறுக்கு வரிசைகளுக்கு நம் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் பெயர். வெள்ளை ராஜா நிற்பது ஈ1. அதன் முன்னால் உள்ள சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறினால் அது நிற்கும் இடம் ஈ4. கறுப்பு ராஜா ஈ8-ல் நிற்கிறது.

தொடக்கத்தின் முதல் கடமை நடுவைப் பிடிப்பது. டி4, ஈ4, டி5, ஈ5 ஆகிய நான்கு கட்டங்களே நடு. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எனச் சதுரத்துக்கு வெளியே சதுரமாக நம் ஊர் அமைந்திருப்பதைப் போலவே, செஸ் பலகையையும் நான்கு சுற்றுகளாகப் பார்க்கலாம்: நடுவில் 4 கட்டங்கள், அதற்கு அடுத்த சுற்றில் 12, அதற்கும் வெளியே 20, விளிம்பில் 28. காலியான பலகையில் ஒரு மந்திரியை நடுவில் வைத்தால் அது 13 கட்டங்களுக்குச் செல்ல முடியும். ஒவ்வொரு சுற்றாக வெளியே தள்ளி வைத்தால் அது 11, 9, 7 என்று குறைந்துகொண்டே போகும். குதிரை நடுவிலும் அதற்கு அடுத்த சுற்றிலும் 8 கட்டங்களைத் தாக்குகிறது. விளிம்பில் அது மூன்றோ நான்கோதான், மூலையிலோ வெறும் 2. ஒரே குதிரை, ஒரே விலை, ஆனால் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் வலிமை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. "குதிரையை ஓரத்தில் வைக்காதே" என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

யானை மட்டும் இதற்கு விலக்கு. காலியான பலகையில் அது எங்கே நின்றாலும் 14 கட்டங்கள்தான். ஆகவே யானையை நடுவுக்கு விரைந்து கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை. சிப்பாய்கள் வெட்டுப்பட்டு ஒரு நெடுவரிசை திறக்கும் வரை அது பின்னால் காத்திருக்கலாம். புதிதாக ஆடும் பிள்ளைகள் பலர் இதை அறியாமல், ஹெச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அடுத்த நகர்த்தலில் யானையை ஹெச்3-க்குத் தூக்குவார்கள். இதற்குள் கறுப்பு டி5 என்று சிப்பாயை ஆடியிருந்தால், சி8-ல் உள்ள மந்திரியின் மூலைவிட்டம் ஹெச்3 வரை திறந்து கிடக்கும். யானை அங்கேயே வெட்டுப்படும். பதிலுக்கு மந்திரியை வெட்டிக்கொள்ளலாம் என்றாலும், மந்திரியைவிட யானைக்கு மதிப்பு அதிகம் என்பதால் இரண்டாவது நகர்த்தலிலேயே வெள்ளை பின்தங்கிவிடுகிறது.

இப்போது ஓர் ஓபனிங்கை முதலிலிருந்து நடத்திப் பார்ப்போம். இத்தாலிய ஓபனிங் என்று இதற்குப் பெயர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியரான ஜோக்கினோ கிரெகோவின் கையேடுகளிலேயே இதன் ஆட்டங்கள் இடம்பெற்றிருக்கின்றன. இன்றைய உலகச் சாம்பியன்களும் இதை ஆடுகிறார்கள். தொடக்கநிலை மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் இதன் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு குழந்தையால் சொல்லக்கூடிய காரணம் இருக்கிறது.

வெள்ளை முதலில் ஈ4 ஆடுகிறது. சிப்பாய் நடுவில் ஒரு கட்டத்தைப் பிடிப்பதோடு, எஃப்1-ல் உள்ள மந்திரிக்கு ஐந்து கட்டங்களும் ராணிக்கு நான்கு கட்டங்களும் திறந்துவிடுகிறது. கறுப்பு ஈ5 என்று விடை சொல்கிறது. நடுவில் தனக்கும் சரிபாதி வேண்டும் என்பதே அதன் பொருள். அடுத்து வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வருகிறது. இந்த ஒரு நகர்த்தலில் மூன்று வேலைகள் நடக்கின்றன: ஒரு காய் வெளியே வந்துவிட்டது, ஈ5 சிப்பாய் தாக்கப்படுகிறது, ராஜா பக்கத்தில் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது; விவரம் பின்னால்) செய்வதற்கு இடையூறாக இருந்த கட்டங்களில் ஒன்று காலியாகிவிட்டது. தாக்குதலுக்கு விடை சொல்லியாக வேண்டும் என்பதால் கறுப்பு தன் குதிரையை சி6-ல் வைத்து ஈ5-ஐக் காக்கிறது. அதுவும் ஒரு காயை வெளியே கொண்டுவந்தபடியே காக்கிறது.

அதே சிப்பாயை எஃப்6 என்று இன்னொரு சிப்பாயால் காத்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அப்படி ஆடினால் வெள்ளைக் குதிரை துணிந்து ஈ5-ஐ வெட்டும். எஃப் சிப்பாய் குதிரையை வெட்டினால், வெள்ளை ராணி ஹெச்5-க்கு வந்து செக் வைக்கும். ஜி6 என்று தடுத்தால் ராணி ஈ5-ல் மீண்டும் செக் வைத்து, அதே நேரத்தில் ஹெச்8 யானையையும் பிடித்துவிடும். ராஜா ஈ7-க்கு ஓடினாலும் அடுத்தடுத்து செக் வாங்கிக்கொண்டு நடுப்பலகையில் அலைய வேண்டியதுதான். இந்தத் தவறான காப்புக்கு டாமியானோ என்ற போர்ச்சுகீசியரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1512-ல் ரோமில் அச்சான தம் நூலில் அவர் இதைக் கண்டித்துத்தான் எழுதினார் என்பதால், அந்தப் பெயர் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக வெள்ளை மந்திரி சி4-க்கு வருகிறது. அங்கிருந்து அது எஃப்7 கட்டத்தைக் குறிபார்க்கிறது. ஆட்டம் தொடங்கும்போது கறுப்பின் பக்கத்தில் மிகவும் பலவீனமான கட்டம் அதுதான். மற்றச் சிப்பாய்களையெல்லாம் வேறு காய்கள் காத்து நிற்க, எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு துணை இல்லை. வெள்ளையின் பக்கத்தில் எஃப்2-வும் அப்படியே. கறுப்பும் தன் மந்திரியை சி5-ல் வைத்து எஃப்2-ஐக் குறிபார்க்கிறது. இதன் பிறகு வெள்ளை சி3 ஆடுவது, பின்னொரு நேரத்தில் டி4 என்று நடுவில் இரண்டாவது சிப்பாயைக் கொண்டுவருவதற்கான ஆயத்தம். கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்து ஈ4-ஐத் தாக்க, வெள்ளை டி3 என்று அதைக் காக்க, கறுப்பு டி6 ஆட, இருவரும் கேஸ்லிங் செய்துகொள்ள, ஆறு நகர்த்தல்களில் ஒரு நாகரிகமான தொடக்கம் அமைந்துவிடுகிறது.

இங்கே சற்று நின்று ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இணையத்தில் காணொளி பார்த்துக் கற்ற பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த நகர்த்தல், நான்காவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரையை ஜி5-க்குப் பாய்ச்சுவது. மந்திரியும் குதிரையும் சேர்ந்து எஃப்7-ஐத் தாக்குகின்றன. காப்பதற்கோ ராஜா மட்டுமே இருக்கிறது. கறுப்பு தன் மூன்றாவது நகர்த்தலில் மந்திரிக்குப் பதிலாகக் குதிரையை எஃப்6-ல் வைத்திருந்தால், இந்தப் பாய்ச்சல் உண்மையிலேயே ஆபத்தானது. கறுப்பு டி5 என்று மந்திரியின் வழியை மறிக்க வேண்டும்; வெள்ளைச் சிப்பாய் டி5-ஐ வெட்டிய பிறகு, கறுப்பு உடனே குதிரையால் திரும்ப வெட்டினால், வெள்ளைக் குதிரை எஃப்7-ல் தன்னையே பலிகொடுக்கும்; ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3-ல் செக் வைக்கும்; டி5 குதிரையைக் கைவிடாமல் இருக்க வேண்டுமானால் ராஜா ஈ6 வரை நடந்துவர நேரிடும். இதற்கு ஃபிரைடு லிவர் என்று பெயர். அதைத் தவிர்க்கவே, டி5-ல் வெட்டாமல் குதிரையை ஏ5-க்கு நகர்த்தி சி4 மந்திரியைத் தாக்குவது நல்லது என்று கற்பிக்கிறோம்.

ஆனால் கறுப்பு மூன்றாவதாக மந்திரியை சி5-ல் வைத்திருக்கும்போது இதே குதிரை ஜி5-க்குச் சென்றால் என்ன ஆகும்? டி8-ல் உள்ள கறுப்பு ராணிக்கு ஈ7, எஃப்6 வழியாக ஜி5 வரை பாதை தடையின்றித் திறந்திருக்கிறது. குதிரையை இலவசமாக எடுத்துக்கொண்டு போய்விடும். முந்தைய நிலையில் அந்தப் பாதையை அடைத்திருந்தது எஃப்6 குதிரை. ஒரே நகர்த்தல் ஒரு நிலையில் வெற்றிக்கு வழி, மற்றொரு நிலையில் ஒரு முழுக் குதிரை நஷ்டம். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது எதிராளி கடைசியாக நகர்த்திய ஒரே ஒரு காய். உள்ளூர்ப் போட்டிகளில் சிறு பிள்ளைகளின் மேசைகளைச் சுற்றி வந்தால் இந்தக் குதிரை இப்படி விழுவதைப் பார்க்காமல் திரும்ப முடியாது. நகர்த்தலின் வரிசை நினைவில் இருந்தும், அது எதை நம்பி நிற்கிறது என்பது சொல்லிக்கொடுக்கப்படாததால் வரும் இழப்பு இது.

ராணியை முதலிலேயே வெளியே கொண்டுவருவதும் இதே வகை. வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளை மந்திரி சி4, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை ராணி ஹெச்5. இப்போது கறுப்பு யோசிக்காமல் இன்னொரு குதிரையை எஃப்6-ல் வைத்தால், ராணி எஃப்7-ஐ வெட்ட நான்காவது நகர்த்தலில் செக்மேட். மதுரையில் முதல் சுற்றில் ஐந்து நிமிடத்துக்குள் அழுதுகொண்டே வெளியே வரும் குழந்தைகளில் பலர் இதில் சிக்கியவர்கள்தாம். இதற்கு மருந்து எளியது: கறுப்பு ஜி6 என்று சிப்பாயால் ராணியை விரட்ட வேண்டும், ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மீண்டும் எஃப்7-ஐக் குறிவைத்தால், அப்போது குதிரையை எஃப்6-ல் வைத்து வழியை அடைத்துவிடலாம். கணக்கெடுத்துப் பாருங்கள்: கறுப்பின் இரண்டு குதிரைகளும் நல்ல இடங்களில் நிற்கின்றன, வெள்ளையோ ராணியை இரண்டு முறை நகர்த்தி, தன் குதிரைக்கு உரிய எஃப்3 கட்டத்தை அதைக்கொண்டே அடைத்து வைத்திருக்கிறது. எளிதில் தோற்பவரிடம் இந்த வலையை வீசி வென்று பழகிய பிள்ளை, அதற்கு விடை தெரிந்த எதிராளியைச் சந்திக்கும்போது அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் திகைப்பதால், என் மாணவர்களுக்கு இதைத் தடுக்கக் கற்றுக்கொடுக்கிறேனே தவிர ஆடுவதற்கு அனுமதிப்பதில்லை.

ராஜாவின் பாதுகாப்புக்கு வருவோம். கேஸ்லிங் என்பது ராஜாவை இரண்டு கட்டம் யானையின் திசையில் நகர்த்தி, யானையை அதன் மறுபக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் நகர்த்தல். ராஜாவும் அந்த யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது. இடையில் காய் இருக்கக் கூடாது. ராஜா செக்கில் இருக்கும்போதும், எதிராளி தாக்கும் கட்டத்தைக் கடந்தோ அதில் போய் நின்றோ இதைச் செய்ய முடியாது. வீட்டில் ஆடும்போது யாரும் கவனிக்காத ஒரு விதி போட்டியில் இதோடு சேர்ந்துகொள்கிறது: கேஸ்லிங் செய்யும்போது முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும், அதுவும் ஒரே கையால். ஒரு போட்டியில் வெள்ளைக் காய்களோடு இத்தாலிய ஓபனிங்கை மிக ஒழுங்காக ஆடி வந்த ஒரு சிறுவன், கேஸ்லிங் செய்யும் இடத்துக்கு வந்ததும் ஹெச்1 யானையைத் தூக்கி எஃப்1-ல் வைத்துவிட்டு அதன் பிறகு ராஜாவின் மேல் விரலை வைத்தான். எதிரே இருந்த சிறுமி கடிகாரத்தை நிறுத்திக் கையை உயர்த்தினாள். நடுவர் வந்து இருவரிடமும் தனித்தனியே கேட்டு, தொட்ட யானையைத்தான் நகர்த்த வேண்டும், இந்த நகர்த்தலில் கேஸ்லிங் இல்லை என்று தீர்ப்பளித்தார். யானை நகர்ந்துவிட்டதால் அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்யும் உரிமை ஆட்டம் முழுவதற்கும் போய்விட்டது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி ஆட்டம் முழுவதும் பொருந்தும் என்றாலும், ஓபனிங்கைப் பயிலும்போதே கையையும் சேர்த்துப் பழக்குவது நல்லது.

காய்களை வெளியே கொண்டுவருவதன் மதிப்பைக் காட்ட, 1858-ல் பாரிஸ் ஆபரா அரங்கில் நடந்த ஓர் ஆட்டத்தை நான் எல்லா மாணவர்களுக்கும் பலகையில் ஆடிக் காட்டுவேன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த பால் மார்ஃபி வெள்ளை. பிரன்ஸ்விக் டியூக்கும் கவுன்ட் இசுவாரும் கலந்து பேசிக் கறுப்பை ஆடினார்கள். கறுப்பு தன் மூன்றாவது நகர்த்தலில் மந்திரியை ஜி4-க்குக் கொண்டுவந்து, அடுத்த நகர்த்தலிலேயே அதை எஃப்3 குதிரைக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வெளியே வந்திருந்த ஒரே காய் அதோடு போய்விட்டது. ஒன்பதாவது நகர்த்தலில் மார்ஃபியின் இரண்டு மந்திரிகள், ஒரு குதிரை, ராணி ஆகிய நான்கும் களத்தில் இருந்தன. கறுப்புக்கு ஒரு குதிரையும் ராணியும்தான், அந்த ராணியும் ஈ7-ல் நின்று தன் மந்திரியின் வழியையே அடைத்துக்கொண்டிருந்தது. மார்ஃபி நீண்ட பக்கம், அதாவது ராணிப் பக்கம், கேஸ்லிங் செய்தார். ராஜா பாதுகாப்பானதோடு அதே நகர்த்தலில் யானையும் டி நெடுவரிசைக்கு வந்து சேர்ந்தது. பதினாறாவது நகர்த்தலில் ராணியையே பலிகொடுத்து, பதினேழாவது நகர்த்தலில் மிஞ்சியிருந்த ஒரு யானையையும் ஒரு மந்திரியையும் கொண்டு செக்மேட் செய்தார். அப்போது கறுப்பின் எஃப்8 மந்திரியும் ஹெச்8 யானையும் ஆட்டம் தொடங்கியபோது வைத்த இடத்தை விட்டு ஒரு முறைகூட அசைந்திருக்கவில்லை. பலகையில் காய்களைக் கூட்டிப் பார்த்தால் கறுப்பிடம்தான் அதிகம். ஆனால் சண்டை நடந்த இடத்தில் அவை இல்லை.

இந்த விதிகளை உலகச் சாம்பியன்களே மீறுகிறார்களே என்று வளர்ந்த மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி, விடையை நம் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்தின் ஆட்டம் ஒன்றிலிருந்தே சொல்லலாம். 2012 மே மாதம் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், ஏழாவது ஆட்டத்தில் தோற்ற ஆனந்த், மறுநாள் எட்டாவது ஆட்டத்தைப் பதினேழே நகர்த்தல்களில் வென்றார். முடிவு தெரிந்த உலகச் சாம்பியன் ஆட்டங்களில், ஆடப்படாமல் விட்டவை நீங்கலாக, அதுவே மிகக் குறுகியது. அதில் ஆனந்த் கேஸ்லிங் செய்யவே இல்லை. அவருடைய ராஜா டி1-க்கும் பின்பு சி2-க்கும் நடந்து சென்றது. கெல்ஃபாண்டின் ராணி எஃப்3 சிப்பாயை செக்கோடு வெட்டி, பின்பு ஹெச்1-ல் இருந்த யானையையும் வெட்டியது. அப்போது ஆனந்த் தம் ராணியை எஃப்2-ல் வைத்தார். ஜி1, ஜி2, எஃப்3 ஆகிய கட்டங்களை ராணியும், ஈ4-ஐக் குதிரையும் காக்க, மூலைக்குப் போன கறுப்பு ராணி வெளியே வர வழியின்றி அடைபட்டது. எஃப்1-ல் உள்ள வெள்ளை மந்திரி ஒரு பக்கம் விலகினால் பி1 யானை அந்த ராணியை வெட்டிவிடும். மேலும் ஒரு காயை இழந்தால்தான் ராணியை மீட்க முடியும் என்ற நிலையில் கெல்ஃபாண்ட் தோல்வியை ஒப்புக்கொண்டார். ராஜாவை நடக்கவிட்டதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பது ஆனந்துக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மூலையில் நிற்கும் காய்க்கு வழிகள் குறைவு என்ற, நாம் முதலில் பார்த்த அந்தக் கணக்கு உலகச் சாம்பியன் போட்டியிலும் மாறவில்லை.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றில் ஒருவருக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடமே கிடைக்கும். முதல் ஆறு நகர்த்தல்களின் காரணம் தெரிந்த பிள்ளை அவற்றை ஒரு நிமிடத்துக்குள் ஆடிவிட்டு, மிச்ச நேரத்தை நடு ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் மனப்பாடம் செய்ததை எதிராளியின் கையைப் பார்க்காமலேயே மளமளவென்று ஆடுவது, மேலே சொன்ன ஜி5 குதிரையைப் போலத்தான் முடியும்.

எதிராளி ஈ4 ஆடாமல் டி4 ஆடினால் என்ன செய்வது என்பது அடுத்த கவலை. கறுப்பின் பதில்களுக்கு, ஈ4-க்கு எதிராகச் சிசிலியன், ஃபிரெஞ்ச், காரோ கான், டி4-க்கு எதிராகக் கிங்ஸ் இந்தியன் என்று பெயர்கள் நிறைய இருக்கின்றன. முதல் ஓராண்டில் அவற்றின் பக்கம் போக வேண்டாம். டி4-க்கு டி5 என்று பதில் சொன்னால் போதும். வெள்ளை அடுத்து சி4 ஆடினால் அது குயின்ஸ் கேம்பிட். அந்தச் சிப்பாயை வெட்டலாம், ஆனால் வெட்டியதை விடாமல் பிடித்துக்கொள்ள முயலக் கூடாது. வெட்டிய பின் வெள்ளை ஈ3 ஆட, கறுப்பு பி5 என்று காக்க, வெள்ளை ஏ4 என்று இடிக்க, கறுப்பு சி6 என்று மேலும் முட்டுக்கொடுத்தால், சிப்பாய்கள் பி5-ல் வெட்டிக்கொண்ட பிறகு வெள்ளை ராணி எஃப்3-க்கு வரும். ஏ8 வரை மூலைவிட்டம் முழுவதும் திறந்திருப்பதால் யானையைக் காப்பாற்ற ஒரு குதிரையையோ மந்திரியையோ கொடுத்தாக வேண்டும். எனவே தொடக்கநிலையில் சி4-க்கு ஈ6 என்று டி5-ஐத் தாங்கிப்பிடித்து, குதிரை எஃப்6, மந்திரி ஈ7, கேஸ்லிங் என்று செல்வதே உறுதியான வழி.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. விரைவு ஆட்டங்களில் நகர்த்தல்களை எழுதுவது கட்டாயமில்லை என்பதால், சுற்று முடிந்து வெளியே வந்ததும் முதல் பத்து நகர்த்தல்களை நினைவிலிருந்து ஒரு நோட்டில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். வென்றாயா தோற்றாயா என்று கேட்பதற்கு முன் இதைச் செய்வது நல்லது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே அதன் காரணத்தை ஒரே வரியில் எழுதட்டும். காரணம் தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடட்டும். எடுத்துக்காட்டாக, ஏழாவது நகர்த்தலில் ஹெச்3 என்று எழுதியிருந்தால், "கறுப்பு மந்திரி ஜி4-க்கு வந்து என் குதிரையைக் கட்டிப்போடாமல் இருக்க" என்பது காரணம். "காணொளியில் அப்படித்தான் ஆடினார்கள்" என்பது கேள்விக்குறிக்கு உரியது. அடுத்த வகுப்பில் பயிற்சியாளர் முதலில் திறந்து பார்க்க வேண்டிய வரியும் அதுதான்.